பூமி சாஸ்திரமும் பொருநைக் கரையும்

மலர்க்குழு நண்பர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "அண்ணாச்சி, கல்லூரி நினைவுகள்னு எல்லாரும் எழுதித் தந்தாச்சு. விடுதிச் சாப்பாடு, விளையாட்டு மைதானம், பழைய பேராசிரியர்கள் எல்லாம் வந்துட்டு. நீங்க வேற ஏதாவது எழுதுங்க" என்றார்கள். 34 வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவனிடம் வேறு என்ன இருக்கப் போகிறது? ஆகவே பூகோளத்தைப் பற்றியே எழுதுகிறேன். பூகோளம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம் என்று அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நம் ஆற்றின் கதையும், நம் ஊரில் வாழ்ந்த ஒரு பெரிய ஆசிரியரின் கதையும், என் தவறு ஒன்றும் இதில் உண்டு.

நான் நம் கல்லூரியில் 1970 முதல் 1973 வரை வரலாறு படித்தவன். பி.எட். முடித்து 1976இல் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். முதல் நாளே தலைமையாசிரியர் கால அட்டவணையை நீட்டி, "வரலாறு படிச்சவர்தானே, பூகோளத்தையும் சேர்த்து எடுத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டார். இப்படித்தான் பூகோளம் என் தலையில் கட்டப்பட்டது. கட்டிவைத்த பெண்டாட்டி மாதிரி, போகப் போகத்தான் அதன் அருமை தெரிந்தது.

ஆரம்பத்தில் நான் பாடம் நடத்திய விதத்தை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. சுவரில் ஒரு தமிழ்நாட்டுப் படத்தை மாட்டுவேன். பிரம்பால் தொட்டுக் காட்டுவேன். "தாமிரபரணி பொதிகை மலையில் உற்பத்தியாகி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. எழுதிக்கோங்கலே" என்பேன். வரைபட வினாவுக்கு முழு மதிப்பெண் வாங்குவது எப்படி என்று பழக்குவேன். மலைக்குப் பழுப்பு, ஆற்றுக்கு நீலம், எல்லைக்குப் புள்ளிக்கோடு. பிள்ளைகளும் மதிப்பெண் வாங்கினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அரைமைல் நடந்தால் அந்த ஆறே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாளாவது அவர்களை அங்கே கூட்டிப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ரேனியஸ் ஐயர்

நம் கல்லூரியில் தமிழ் உரைநடை வரலாறு நடத்திய பேராசிரியர் ஒருநாள் போகிற போக்கில் ஒரு வரி சொன்னார்: "தமிழில் அறிவியல் நூல் எழுதிய முன்னோடி பாளையங்கோட்டையில் இருந்த ரேனியஸ். நூலின் பெயர் பூமி சாஸ்திரம். ஆண்டு 1832." தேர்வுக்காக மனப்பாடம் பண்ணி, தேர்வு முடிந்ததும் மறந்தும் போனேன். பூகோள ஆசிரியராகிச் சில வருஷம் கழித்து அந்த வரி திடீரென்று ஞாபகத்துக்கு வந்தது. தமிழில் பூகோளம் எழுதிய முன்னோடி நம் ஊர்க்காரரா! அதன்பிறகுதான் அவரைத் தேடிப் படித்தேன்.

ரேனியஸ் பிறந்தது 1790இல், அன்றைய பிரஷ்யா நாட்டில். அவர் பிறந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. ஓர் ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, நாடு மாறிவிடுகிறது பாருங்கள்! இதைச் சொன்னால் வகுப்பில் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். "ஏன்டே, நம்ம ஊர் மட்டும் என்னவாம்?" என்று கேட்பேன். 1986இல் நம் ஜில்லா இரண்டாகப் பிரிந்தபோது ஒன்றுக்கு நெல்லை கட்டபொம்மன் மாவட்டம், மற்றொன்றுக்குச் சிதம்பரனார் மாவட்டம் என்று பெயர் வந்தது. 1997இல் அந்தப் பெயர்களும் போய்த் திருநெல்வேலி, தூத்துக்குடி என்றே ஆகின. 2019இல் தென்காசி தனி மாவட்டமானது. என் பள்ளிச் சுவர்ப்படத்தில் பேனாவால் அடித்து எழுதியே படம் கிழிந்துபோனது.

ரேனியஸ் 1814இல் சென்னை வந்து சேர்ந்தார். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869இல்தான். ஆகவே அவர் வந்த கப்பல் ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் மிதந்து வந்தது. பூமியின் பாதியைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த மனிதர் அவர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் தமிழ் பாடம் கேட்டார். ஒரு ஜெர்மானியப் பாதிரியாரும் ஒரு தமிழ்க் கவிராயரும் ஆண்டுக்கணக்கில் எதிரெதிரே உட்கார்ந்து இலக்கணம் பேசியிருக்கிறார்கள். அந்தப் படிப்பின் பலனாக ஆங்கிலத்தில் ஒரு தமிழ் இலக்கண நூலே எழுதினார். வேதாகம மொழிபெயர்ப்பிலும் சொல்லுக்குச் சொல் வைப்பதைவிட, படிப்பவனுக்குப் பொருள் விளங்க வேண்டும் என்ற கட்சிக்காரர் அவர்.

நாம் ஊசிக்கோபுரம் என்று சொல்லும் தேவாலயம் 1826இல் அவர் காலத்தில் எழுந்தது. ஏர்வாடிக்கும் களக்காட்டுக்கும் அப்பால் இருக்கும் டோனாவூர், 1827இல் அவர் உருவாக்கிய கிராமம். பணம் கொடுத்து உதவிய பிரஷ்யப் பிரபு டோனாவின் பெயர் அப்படியே ஊர்ப் பெயராயிற்று. போன இடமெல்லாம் பள்ளிக்கூடம் திறந்தார். பெண் பிள்ளைகளுக்கும் திறந்தார். வாத்தியார்களைப் பயிற்றுவிக்கவும் ஏற்பாடு செய்தார். பள்ளிக்கூடம் திறந்தால் போதுமா? பிள்ளைகள் கையில் கொடுக்கப் புத்தகம் வேண்டாமா? அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி உண்டு, நீதி நூல்கள் உண்டு, நிகண்டு உண்டு. உலகம் எப்படி இருக்கிறது என்று உரைநடையில் சொல்லும் புத்தகம் இல்லை.

நம்மிடம் பூகோள அறிவு இல்லை என்று நான் சொல்லவில்லை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தைப் பிரித்து, அதற்கு மரமும் பறவையும் தொழிலும் பொழுதும் சொன்னவர்கள் நம் முன்னோர். ஆனால் அது புலவருக்கு. ஓலைக்குடிசையில் உட்கார்ந்திருக்கும் பனையேறியின் பிள்ளைக்கும் உழவனின் பிள்ளைக்கும் அது எட்டவில்லை.

இதில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ரேனியஸ் வருவதற்கு முன்பே நம் மண்ணை அளந்தாகிவிட்டது. 1802இல் சென்னையில் பெரிய முக்கோண அளவையைத் தொடங்கிய லாம்டன் துரை, 1809இல் பாளையங்கோட்டை அருகே தம் சங்கிலியைப் போட்டு அடிக்கோடு அளந்தார். அதற்கு முந்திய வருஷம் தஞ்சைப் பெரிய கோவில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து அவருடைய பெரிய கோணமானி அடிபட்டது என்ற கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த அளவையால் கிடைத்த படங்கள் யாருக்கு? கும்பினி சர்க்காருக்கு. வரி போடவும் படை நடத்தவும் பயன்பட்டன. 23 வருஷம் கழித்து அதே ஊரிலிருந்து ஒருவர் பூமியைப் பற்றிப் பிள்ளைகள் படிக்கும்படி தமிழில் ஒரு புத்தகம் எழுதுகிறார். ஆள்பவர் கையில் இருந்த பூகோளம் படிப்பவர் கைக்கு வந்த இடம் அது. என் மட்டில், பூமி சாஸ்திரத்தின் பெருமை இதுதான். அன்று பூமி சாஸ்திரம், என் காலத்தில் பூகோளம், இப்போது புவியியல். பெயர் மூன்று, பாடம் ஒன்று.

ரேனியஸ் ஐயரின் கடைசிக் காலம் சுகமாக இல்லை. குருப்பட்டம் யார், எந்த முறைப்படி கொடுப்பது என்பதில் அவரை அனுப்பிய சங்கத்துக்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை முற்றி, 1835இல் அவர் நீக்கப்பட்டார். ஊரைவிட்டுப் போனவர், ஜனங்கள் கூப்பிட்டதால் அதே ஆண்டு திரும்பி வந்தார். 1838 ஜூன் 5ஆம் தேதி, 47 வயதில் பாளையங்கோட்டையிலேயே காலமானார். கல்லறையும் இங்கேதான்.

அவர் காலத்தில் பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே பாலம் கிடையாது. வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஆற்றைக் கடந்துதான் போக வேண்டும், வெள்ளம் வந்தால் கரையிலேயே காத்துக் கிடக்க வேண்டும். சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் திறக்கப்பட்டது 1843இல்; ஐயர் போய் 5 வருஷம் கழித்து. ரயில் வந்தது 1876இல். உலகத்தையே பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டிய மனிதர், எதிர்க்கரைக்குப் போக ஆற்றைப் பார்த்து நின்றிருக்கிறார். பாலத்தில் பஸ் போகும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

புன்னைக்காயல் மாணவன்

இனி என் கதை. 1981 என்று நினைக்கிறேன். புன்னைக்காயலிலிருந்து ஒரு பையன் உறவினர் வீட்டில் தங்கி என் வகுப்பில் படித்தான். நான் வழக்கம்போலப் பிரம்பால் நீலக்கோட்டைத் தொட்டுக்கொண்டே கடல் வரைக்கும் வந்தேன். அவன் எழுந்தான்.

"சார், நீங்க ஒத்தக் கோடா போட்டிருக்கீங்க. எங்க ஊர்ல அப்படி இல்ல."

"பிறகு எப்படிலே இருக்கு?"

"அங்க வந்து பாருங்க சார். எது ஆறு, எது கடல்னு நீங்களே சொல்லுங்க பாப்போம்."

வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. 5 வருஷமாக அந்த ஆற்றைச் சொல்லிக்கொடுக்கிறேன். அது கடலில் சேரும் இடத்தை நான் பார்த்ததே இல்லை! அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிதிவண்டியை எடுத்துக்கொண்டு போனேன். பையன் சொன்னது சரி. ஆறு பல கிளையாகப் பிரிந்து, மணல்திட்டும் சேறும் உப்புத்தண்ணீருமாகக் கிடக்கிறது. அவனுடைய தகப்பனார் வத்தையில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். "இந்தத் திட்டு நான் சின்னப்பிள்ளையா இருக்கும்போது இல்ல வாத்தியாரே. ஆறு மண்ணக் கொண்டாந்து போட்டுக்கிட்டே இருக்கும்" என்றார். அன்றைக்கு எனக்குப் பாடம் நடத்தியவர் அவர்.

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில்தான் இந்தப் பள்ளத்தாக்கின் சரித்திரமே இருக்கிறது. கொற்கை பாண்டியரின் துறைமுகம். யவனர்கள் எழுதிய கடற்பயணக் குறிப்புகளிலும் முத்துக்குப் பேர்போன ஊராக அது வருகிறது. 1968-69இல் அங்கே தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது கிடைத்த கரித்துண்டு கி.மு. 785 என்று காலம் காட்டியது. இன்று கொற்கைக்குப் போனால் வயதான வன்னிமரம் ஒன்றும் வாழைத்தோட்டமும் வயலும்தான். கடல் பல கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. உண்மையில் கடல் போகவில்லை. ஆறு மண்ணைப் போட்டுக் கரையைத் தள்ளிவிட்டது. கொற்கை தூர்ந்ததும் வணிகம் காயலுக்குப் போயிற்று. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து குதிரை இறக்குமதியைப் பார்த்து வியந்தது அந்தக் காயலில்தான். காயலும் தூர்ந்தது. போர்த்துக்கீசியர் காலத்தில் புன்னைக்காயல். அதற்குப்பின் தூத்துக்குடி. ஓர் ஆறு நாலு துறைமுகத்தை ஆக்கியும் அழித்தும் விளையாடியிருக்கிறது.

இதை முதலில் முறையாக ஆராய்ந்து எழுதியவர் கால்டுவெல். 1841இல் சென்னையிலிருந்து கால்நடையாகவே புறப்பட்டு, தஞ்சை, நீலகிரி, மதுரை என்று சுற்றி இடையன்குடி வந்து சேர்ந்தவர். ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை எல்லோருக்கும் தெரியும். 1870களில் கொற்கையிலும் காயலிலும் மண்ணைத் தோண்டிப் பார்த்து, கரை நகர்ந்த கதையைச் சொன்ன கால்டுவெல்லைப் பூகோள வாத்தியார்கள்தான் கொண்டாட வேண்டும். 1881இல் அவருடைய திருநெல்வேலிச் சரித்திரம் வெளிவந்தது. நடந்து பார்த்தவர் எழுதிய சரித்திரம் அது.

சனிக்கிழமை வகுப்பு

அதற்கப்புறம் நான் மாறினேன். சனிக்கிழமைதோறும் வர விருப்பமுள்ள பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிடுவேன். நம் ஆற்றின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர்தான். காவிரியோடு சேர்த்துப் பார்த்தால் சின்னப் பிள்ளை. 1986 வரைக்கும் ஒரே ஜில்லாவில் பிறந்து அதே ஜில்லாவில் கடலில் கலந்த ஆறு. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் இதற்கு உண்டு. மேற்கே மலையில் ஆனி, ஆடிச் சாரல். கிழக்கே சமவெளியில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. அதனால்தான் கார், பிசானம் என்று இரண்டு போகம்.

எட்டு அணைக்கட்டுகளையும் வரிசையாகப் பார்க்க வைத்தேன். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசி ஒன்று தவிர மற்ற ஏழும் ஆங்கிலேயர் வருவதற்கு முந்தியவை. பிள்ளைகளுக்குச் சொல்வேன்: "தண்ணி முதல்ல வாய்க்கால்ல போவும், வாய்க்கால்லேர்ந்து குளத்துக்குப் போவும், ஒரு குளம் நெறஞ்சா மறுகால் பாஞ்சு அடுத்த குளத்துக்குப் போவும். எந்தக் குளம் எதுக்கு அண்ணன், எது தம்பின்னு தெரியணும்." ஒவ்வொருவனும் தன் ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று படம் போட்டுக் கொண்டுவர வேண்டும். கிழவர்களிடம் கேட்டு, பழைய ஓடைகளையும் அதில் குறிக்க வேண்டும். பள்ளிக்கூட மாடியில் ஒரு தகரக் குவளையை வைத்து மழை அளந்தோம். ஒரு மேலதிகாரி சோதனைக்கு வந்தபோது, "இதெல்லாம் பாடத்திட்டத்தில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். இல்லைதான். என்ன பதில் சொல்ல?

வீட்டிலும் வசவுதான். "இந்தச் சனி, ஞாயிறாவது வீட்ல இருக்கக்கூடாதா? ஆத்துக்கும் உங்களுக்கும் என்ன கொடுக்கல் வாங்கலா?" என்பாள். 1992 நவம்பரில் பெருவெள்ளம் வந்தது. குறுக்குத்துறை முருகன் கோவில் மூழ்கியதா என்று கேட்டுத்தானே நெல்லைக்காரர்கள் வெள்ளத்தை அளப்பார்கள்? தண்ணீர் வடிந்ததும் ஊர் ஊராகப் போய், சுவரில் தண்ணீர் நின்ற கறையை மாணவர்களை வைத்து அளந்து ஒரு நோட்டில் எழுதினோம். அன்றைக்கு மட்டும் என் மனைவி ஒன்றும் சொல்லாமல் கட்டுச்சோறு கட்டிக்கொடுத்தாள்.

இரண்டு தொலைபேசி அழைப்புகள்

2010இல் ஓய்வு பெற்றேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். குளங்கள் உடைந்தன. பாலங்கள் போயின. ஆறு தன் பழைய தடங்களையெல்லாம் தேடிக்கொண்டு வந்தது.

தொலைபேசி வேலை செய்யத் தொடங்கியதும் பழைய மாணவர் ஒருவர் கூப்பிட்டார். சைக்கிளில் வந்த பிள்ளைகளில் ஒருவர். "சார், வீடு கட்டும்போது அந்த நோட்டுக் கணக்குதான் ஞாபகம் வந்துது. எங்க தெருவுல 92ல எவ்வளவு தண்ணி நின்னுதோ அதுக்கு மேல மூணடி தூக்கிக் கட்டுனேன். இப்ப தெருவே நம்ம வீட்லதான் சார் இருக்கு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் இன்னொரு அழைப்பு. என் முதல் வகுப்பு மாணவர். 1977இல் பத்தாம் வகுப்புக்குச் சமமான அந்தக் கால வகுப்பில் என்னிடம் படித்தவர். ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தில் புதிதாக மனை வாங்கி வீடு கட்டியிருந்தார். வீடு முழுக்க மண். "சார், அது பழைய ஓடைன்னு யாருமே சொல்லலியே" என்றார். யாருமே என்றால் நானும்தானே? அவர் நல்ல மாணவர். வரைபட வினாவுக்கு முழு மதிப்பெண் வாங்கியவர். நீலக்கோட்டை அழகாகப் போடுவார். கோடு போட மட்டும்தான் நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொள்கிறேன். மனை வாங்குகிறவருக்கு எத்தனையோ கணக்கு. என் பாடம் ஒன்றினால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் பெருமையடித்துக்கொள்ளவும் இல்லை. ஆனாலும் ஒரு பாடத்தைச் சரியாகச் சொல்லித்தருவதற்கும் சும்மா சொல்லித்தருவதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று கேட்டால், அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே உள்ள தூரம் என்றுதான் சொல்வேன்.

இப்போது நம் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் ஆசிரியர் ஆவீர்கள். பூகோளம் மதிப்பெண்ணுக்கான பாடம் என்று ஒதுக்காதீர்கள். கைபேசியில் உலகப்படம் முழுதும் இருக்கிறது. ஆனால் உங்கள் ஊர்க் குளத்தின் மறுகால் எந்தப் பக்கம் என்பது அதில் இராது, ஊர்க் கிழவரிடம்தான் இருக்கும். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். முன்னாள் மாணவர் சங்க நண்பர்களுக்கும் ஒரு யோசனை: 1992 வெள்ளக் கறைகளைக் குறித்த அந்தப் பழைய நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதை நம் கல்லூரி நூலகத்துக்குத் தருகிறேன். அதில் 2023க்கான பக்கங்களை நீங்கள் எழுதிச் சேருங்கள். ரேனியஸ் ஐயர் 1832இல் எழுதித் தொடங்கியதை இந்தப் பள்ளத்தாக்கின் பிள்ளைகள் ஒரு பக்கமாவது தொடர்ந்தால், அதைவிடப் பெரிய குருதட்சிணை இல்லை.

சந்திப்பு நாளன்று சாப்பாடு முடிந்தபின் வர விரும்புகிறவர்கள் என்னோடு வரலாம். ஆற்றங்கரை வரைக்கும் ஒரு நடை போய்வருவோம்.